கால் அசெண்டர்: நாலு மிதிக்கு ஒரு தடவை கயிறு கழன்றுவிடுகிறது

பேராவூரணிக்காரன்:
வணக்கம். சிங்கப்பூரில் மரம் கழிக்கும் வேலையில் நாலு வருஷமாக இருக்கிறேன். முதல் இரண்டு வருஷம் கீழே கிளை இழுத்தேன், இப்போது ஏறுகிறேன். இரட்டைக் கயிறுதான், அதாவது கிளை மேல் போட்ட கயிற்றின் இரண்டு பக்கமும் என் இடுப்புக்கு வரும்: 13 மில்லி ரோப், அதைக் கவ்விப் பிடிக்கும் முடிச்சு, முடிச்சுக்கு அடியில் சின்னக் கப்பி. கையால் இழுத்து, இடுப்பை எக்கி எக்கி ஏறுவது. காலையில் முதல் தூங்குமூஞ்சி மரத்தில் ஒன்றும் தெரியாது. மூன்றாவது மரத்துக்குள் முன்னங்கை கல்லாகிவிடும். மேலே போய் ரம்பத்தை எடுத்தால் விரல் மடங்க மாட்டேன் என்கிறது.

போன மாதம் சொந்தக் காசில், நூறு வெள்ளிக்குக் கிட்ட கொடுத்து, வலது காலுக்கு ஒரு அசெண்டர் வாங்கினேன்; பூட்ஸில் கட்டிக்கொண்டால் கயிற்றைக் கவ்வும், அதை மிதித்து ஏறலாம். அதில் இரண்டு தொல்லை. முதல் பத்தடிக்குக் காலைத் தூக்கினால் கயிறும் கூடவே வருகிறது. நின்ற இடத்திலேயே சைக்கிள் மிதிக்கிறேன். அதைத் தாண்டினால் நாலு மிதிக்கு ஒரு தடவை கயிறு கழன்று கால் அந்தரத்தில் ஆடுகிறது. சூப்பர்வைசர் "பூட்ஸுக்குக் கொலுசா?" என்று சிரிக்கிறார்.

சாமான் கோளாறா, என் கோளாறா? ஒற்றைக் கயிற்றுக்கு (ஒரு பக்கத்தைக் கட்டிவிட்டு மறு பக்கத்தில் மட்டும் ஏறுவது) மாறி, முழங்காலுக்கும் ஒன்று வாங்கிவிடலாமா?

பழைய கயிறு:
தம்பி, சாமான் சரி. கால்தான் சரியில்லை.

முதல் பத்தடிக் கதை எல்லோருக்கும் உண்டு. அசெண்டருக்குள் கயிற்றைக் கவ்வப் பல் வைத்த ஒரு துண்டு இருக்கிறதே, கேம், அது கால் மேலே போகும்போது கயிற்றை விட வேண்டும், மிதிக்கும்போது கவ்வ வேண்டும். கீழே தொங்கும் கயிற்றுக்குக் கொஞ்சமாவது பாரம் இருந்தால்தான் அது விடும். தரையில் நிற்கும்போது தொங்குவதே ஒரு முழம், அதற்கு ஏது பாரம்? கீழே நிற்கிற ஆளிடம் சொல்லி நுனியை லேசாகப் பிடிக்கச் சொல். ஆள் இல்லையென்றால் கயிற்றுப் பையையே நுனியில் கட்டித் தொங்கவிடு. நாலைந்து மீட்டர் ஏறிவிட்டால் கயிறு தன் பாரத்திலேயே ஓடும்.

கழல்வதற்குக் காரணம், நீ குதிகாலைப் பின்னால் உதைக்கிறாய். பார்க்காமலே சொல்கிறேன். பின்னால் உதைத்தால் கழல வேண்டும் என்றுதான் அதைச் செய்தே இருக்கிறார்கள். மாடிப்படி ஏறுகிற மாதிரி முழங்காலை முன்னால் தூக்கு. மிதிக்கும்போது பாதம் இடுப்புக்கு நேர் கீழே இருக்க வேண்டும். சில மாடலில் கயிறு கழலாமல் இருக்க ஒரு குட்டிப் பூட்டு போடலாம். நான் போடுவதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

எட்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். ஒற்றைக் கயிறு, வலது காலில் ஒன்று, இடது முழங்காலில் ஒன்று. அப்போது புதுசு, ஒரே பெருமை. பதினாலு மீட்டர் ஏறியிருப்பேன். கவட்டையில் குடம் மாதிரி ஒரு பெரணி; அதற்குள் குளவிக்கூடு இருந்ததை நான் பார்க்கவில்லை. கயிறு உரசியதும் கிளம்பிவிட்டன. கன்னத்தில் முதல் கொட்டு. நான் செய்த முதல் காரியம், இறங்குவதற்காக முடிச்சை அமுக்கியது. உடம்பு இறங்கியது, வலது கால் இறங்கவில்லை. அசெண்டர் கவ்விய இடத்திலேயே நிற்க, முழங்கால் நெஞ்சுக்கு வந்து, நான் மல்லாக்காகச் சாய்ந்துவிட்டேன். பாரம் ஏறிய பல்லை எவ்வளவு உதைத்தாலும் விடாது. குளவிக்கு நடுவில் அதே காலில் மறுபடி எழுந்து நின்று, உதைத்துக் கழற்றி, முழங்கால் அசெண்டரையும் கையால் கழற்றி, அப்புறம்தான் இறங்கினேன். ஒன்பது கொட்டு. மூன்று நாள் கண் திறக்கவில்லை.

ஆக, இறங்குவதற்கு முன்னால் முதலில் கால். தரைக்குப் பக்கத்திலேயே பழகு: ஆறடி ஏறு, கண்ணை மூடு, உதைத்துக் கழற்று, இறங்கு. ஐம்பது தடவை. உன் கயிறு இன்று தானாகக் கழல்கிறதே என்று அழுகிறாய். அவசரத்துக்கு அது கழல வேண்டும்.

இன்னொன்று, அது உன்னைத் தாங்கும் சாமான் இல்லை. ஏறுவதற்குத் துணை, அவ்வளவுதான். உயிர் முடிச்சிலும் ஹார்னஸிலும் இருக்கிறது. கிளைக்கு வந்ததும் லேன்யார்டை, அதான் இடுப்பில் மாட்டும் குட்டைக் கயிற்றை, சுற்றிப் போட மறக்காதே.

ஒற்றைக் கயிற்றுக்கு அவசரப்படாதே. இரட்டைக் கயிற்றில் நாற்பது சென்டிமீட்டர் மிதித்தால் இருபதுதான் ஏறுவாய், ஆனால் காலுக்கு உன் எடையில் பாதிதான். ஒற்றைக் கயிற்றில் நாற்பதுக்கு நாற்பது, எடையும் முழுசு. வேகம் நிச்சயம் கூடும். ஆனால் உன் முடிச்சை மட்டும் வைத்து அதில் இறங்க முடியாது, இறுகிக்கொள்ளும். முடிச்சுக்கு மேலே, பாரத்தில் கொஞ்சத்தை உரசலால் வாங்கிக்கொள்ளும் ரோப் ரெஞ்ச் மாதிரி ஒன்று வேண்டும். கயிற்றை அடிமரத்தில் கட்டினால் மேலே கவட்டைக்கு உன் எடை மாதிரி இரண்டு மடங்கு பாரம். கூடத் தெரிந்தவர் இல்லாமல் தொடங்காதே. (முழங்காலுக்கு மாட்டுவதை எங்கள் பையன்கள் 'நீ அசெண்டர்' என்பார்கள்; ஆங்கிலத்தில் முழங்கால் 'நீ' (knee). "நீ எங்கே?" என்று கேட்டால் ஆளைக் கேட்கிறோமா சாமானைக் கேட்கிறோமா என்று தெரியாது.)

சப்பாத்து:
டொராண்டோவில் இருந்து எழுதுகிறேன். பெரியவர் சொன்னது எல்லாம் சரி, பல்லைப் பற்றி மட்டும் ஒரு கதை. இங்கே பைன், ஸ்புரூஸ் மரங்களில் வேலை செய்தால் பிசின் போய்க் கேமில் அடைந்துவிடும். பிறகு ஸ்பிரிங் சோம்பேறியாகி, கயிற்றைக் கவ்வாமல் வழுக்கும். வெந்நீர், சவர்க்காரம், பழைய பல் துலக்கும் பிரஷ், வேறொன்றும் வேண்டாம். குளிர்காலத்தில் நனைந்த கயிறு உறைந்தாலும் இதே வழுக்கல்தான். அந்த நாளில் நான் ஏறுவதே இல்லை. பட்டியையும் பாருங்கள். சப்பாத்துக்கு அடியில் போகிற பட்டி கல்லில் தேய்ந்து முதலில் அறுவது அதுதான். மரத்துக்கு மரம் நடக்கும்போது கழற்றி இடுப்பில் கொழுவுங்கள்.

ஊரில் பனை ஏறுகிறவர்கள் காலில் தளைநார் போடுவது நினைவிருக்கிறதா? கை பிடிக்க, கால் தள்ள. எங்கள் பெரியப்பாவுக்கு இந்தச் சாமானை வீடியோவில் காட்டினேன். "இதுக்கு ஏனடா இவ்வளவு காசு?" என்றார்.

பொள்ளாச்சி தென்னை:
அண்ணா, இதைத் தென்னைக்குப் போடலாமா? ஏறுவதற்கு ஆளே கிடைப்பதில்லை.

பழைய கயிறு:
கயிற்றை மேலே எதில் போடுவீர்கள்? மட்டையிலா? தென்னைக்குக் கிளை ஏது. இரண்டு காலுக்கும் கம்பி வளையம் வைத்த தென்னை ஏறும் கருவி இருக்கிறதே, அதுதான் உங்களுக்கு. இடுப்பில் பெல்ட் போட்டு ஏறச் சொல்லுங்கள்.

பேராவூரணிக்காரன்:
அண்ணே, பத்து நாள் ஆகிவிட்டது. பையைத் தொங்கவிட்டதும் முதல் பத்தடி சரியாகிவிட்டது. உதைத்துக் கழற்றுவதை டார்மிட்டரிக்குப் பின்னால் கம்பத்தில் கயிறு போட்டுப் பழகினேன். செக்யூரிட்டி இரண்டு தடவை வந்து விரட்டினார். நேற்று நாலு மரம், ரம்பம் பிடிக்கையில் விரல் மடங்கியது. இன்னும் எப்போதாவது கழல்கிறது. இடது கால் சும்மா தொங்குகிறது, அதை என்ன செய்வது?

பழைய கயிறு:
மிதிக்கும்போது இடது பூட்ஸை வலது பூட்ஸோடு ஒட்டி வை. கயிறு இரண்டுக்கும் நடுவில் அடைபட்டுக்கொள்ளும், கழலாது. இரண்டு காலாலும் எழுந்திரு. சூப்பர்வைசர் இன்னும் கொலுசு என்கிறாரா?

பேராவூரணிக்காரன்:
விலை கேட்டார்.