தரம்சாலாவின் வயதான பிக்குணிகளுக்கு எப்படி உதவுவது?

கேள்வி:
போன ஏப்ரலில் தரம்சாலாவின் மெக்லியோட் கஞ்சில் உள்ள கெதென் சோலிங் பிக்குணி மடத்துக்குப் போயிருந்தேன். வெயிலில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த ஒரு பாட்டி, என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். திபெத்திலிருந்து பனிமலை தாண்டி நடந்தே வந்தவராம். முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. பிள்ளைகுட்டி கிடையாது, மடம்தான் எல்லாம். ஊர் திரும்பியும் அந்தக் கை நினைவிலேயே இருக்கிறது. மாதம் 1,000 ரூபாய் ஒதுக்க முடியும். கம்பளி வாங்கி அனுப்பட்டுமா?

பதில்:
கம்பளி வேண்டாம் அக்கா, பணமாகக் கொடுங்கள். மருந்தா, விறகா, பாலா என்பது மடத்துக்குத்தான் தெரியும். திபெத்திய பிக்குணிகளுக்கு உதவ 1987இல் தொடங்கிய திபெத்தன் நன்ஸ் புராஜெக்ட் என்ற அமைப்பு மூலம் ஒரு பிக்குணியின் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

பதில்:
2016இல் 20 திபெத்திய பிக்குணிகள் முதன்முதலாக கெஷெமா பட்டம் (பௌத்தத் தத்துவப் படிப்பின் மிக உயர்ந்த பட்டம்) வாங்கினார்கள். இப்படிப்பட்ட படிப்புக்கு மனமுவந்து கொடுப்போம். ஆனால் முழங்கால் வலி மாத்திரை நம் கண்ணில் படாது. 'வயதானவர்களின் மருத்துவத்துக்கு' என்று குறிப்பிட்டே அனுப்புங்கள். ரசீதும் கேளுங்கள்.

கேட்டவர்:
சரி தம்பி, அப்படியே எழுதி இந்த மாதமே அனுப்புகிறேன். அடுத்த ஏப்ரலில் பாட்டியைப் பார்க்கவும் போகிறேன்.