கட்டட இடிபாடு மறுசுழற்சியில் கரிமம் எங்கே குறைகிறது?

கேள்வி:
தில்லி புராரியில் 2009 முதல் கட்டட இடிபாடுகளை நொறுக்கிச் சல்லியும் நடைபாதைக் கற்களும் செய்கிறார்கள். இதனால் கரிம உமிழ்வு உண்மையிலேயே குறைகிறதா, அல்லது இடிபாட்டு மேடு மட்டும்தான் குறைகிறதா?

பதில் 1:
கான்கிரீட்டின் உமிழ்வில் பெரும்பங்கு சிமென்டுடையது. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுடும்போதே அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடுவதால், பழைய கான்கிரீட்டைச் சல்லியாக்குவதால் அதில் பெரும்பகுதி திரும்பப்போவதில்லை. மிச்சமாவது குவாரி வேலையும் லாரி டீசலும்தான். ஆலை தொலைவில் இருந்தால் அதுவும் போயிற்று.

பதில் 2:
கம்பியை மறந்துவிட்டீர்கள், ஐயா. இடிபாட்டிலிருந்து வெட்டியெடுத்து மின் உலையில் உருக்கும் எஃகு, தாதுவிலிருந்து செய்வதைவிடக் குறைவாகவே உமிழ்கிறது; காயலான் கடைக்காரர்கள் 2016-இன் கட்டட இடிபாட்டுக் கழிவு மேலாண்மை விதிகளுக்கு வெகுகாலம் முன்பே கம்பியைப் பிரித்தெடுத்து விற்கத் தொடங்கிவிட்டார்கள்.

பதில் 3:
சல்லிக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 383 (2016), எம்25 என்ற வலிமைத் தரம் வரையிலான கம்பியிட்ட கான்கிரீட்டில் 20 விழுக்காடு மறுசுழற்சிச் சல்லியை அனுமதிக்கிறது. அந்தச் சல்லியில் ஒட்டியுள்ள பழைய சாந்து, கலவையின் நீரை உறிஞ்சும். சல்லியை முன்கூட்டி நனைக்காமல், வலிமைக்காகச் சிமென்டைக் கூட்டுபவர்கள் மிச்சம்பிடித்ததற்கு மேலாகவே உமிழ்ந்துவிடக்கூடும்.