75 டன் மெக்கில் 15.5 டன் மிச்சம், ஆனால் ஒரு ஸ்லாட்கூட இல்லை: எதைக் கழற்றுவது?

தெம்பனிஸ்75:

அனைவருக்கும் வணக்கம். வரும் சனிக்கிழமை எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் நண்பர்களுடன் பேட்டில்டெக் (மெக் எனப்படும் ராட்சதப் போர் இயந்திரங்கள் மோதும் மேசை விளையாட்டு) தொடராட்டம் தொடங்குகிறோம். அதற்காக இன்னர் ஸ்பியர் (விளையாட்டின் ஒரு தரப்பு) தொழில்நுட்பத்தில் 75 டன் மெக் ஒன்றை மெகாமெக்லேப் என்ற மென்பொருளில் வடிவமைத்து வருகிறேன். டிம்பர் உல்ஃப் எனக்கு மிகவும் பிடித்த மெக் என்பதால், அதில் இருப்பதைப் போலவே, எடையைக் குறைத்து இடத்தைக் கூடுதலாகப் பிடிக்கும் எக்ஸ்எல் எஞ்சின், எண்டோ ஸ்டீல் சட்டகம், ஃபெர்ரோ ஃபைப்ரஸ் கவசம் ஆகிய மூன்றையும் முதலிலேயே சேர்த்துவிட்டேன். எஞ்சின் 300, கவசம் முழு அளவான 231 புள்ளிகள், வெப்பம் தணிக்கும் டபுள் ஹீட் சிங்க் 12. வலக்கையில் காஸ் ரைஃபிள், அதற்கு 2 டன் குண்டு, இடக்கையில் பிபிசி (துகள்கற்றைப் பீரங்கி), தலையில் ஒரு மீடியம் லேசர் ஆகியவற்றைப் பொருத்தியதும் ஸ்லாட் (பாகங்களை வைக்கும் இடங்கள்) அனைத்தும் தீர்ந்துவிட்டன. எடையோ 59.5 டன்னில் நிற்கிறது. மூன்று இரவுகளாக மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்தும் வழி தெரியவில்லை. எதை விட்டுக்கொடுப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லி உதவ வேண்டும்.

சிராங்கூன்_பட்டறை:

தம்பி, கோளாறு அடுக்கிய முறையில் இல்லை, முன்மாதிரியில் இருக்கிறது. டிம்பர் உல்ஃப் கிளான் என்ற இன்னொரு தரப்பின் மெக். கிளான் எண்டோ ஸ்டீலுக்கு 7 ஸ்லாட் போதும், ஃபெர்ரோவுக்கும் 7 போதும். இன்னர் ஸ்பியரில் இரண்டுக்கும் தலா 14 ஆகும். மெக்கின் 78 ஸ்லாட்டில் எஞ்சின், சமநிலை காக்கும் கைரோ, ஓட்டுநர் அறை, மூட்டுகள் போக நமக்குக் கிடைப்பது 47தான். அதில் எக்ஸ்எல் எஞ்சின் பக்க மார்புகளில் ஆறை எடுத்துக்கொள்ள, சட்டகமும் கவசமும் 28ஐ விழுங்கிவிட்டால், ஆயுதங்களுக்கு 13தான் எஞ்சும்.

திருச்சிக்குப் புறப்படும்போது பெட்டி நிறையப் போர்வையை அடைத்துவிட்டு, தராசில் எட்டுக் கிலோ மிச்சம் இருக்கிறதே, மைலோ டின்னை எங்கே வைப்பது என்று விழிப்போமே, அதே நிலைதான் இது. ஆகவே போர்வைகளில் எது குறைந்த பலன் தருகிறது என்று பாருங்கள். உங்கள் மெக்கில் எண்டோ ஸ்டீல் 14 ஸ்லாட்டுக்கு 3.5 டன் மிச்சப்படுத்துகிறது. ஃபெர்ரோ அதே 14 ஸ்லாட்டை எடுத்துக்கொண்டு 1.5 டன் மட்டுமே தருகிறது. சாதாரணக் கவசத்துக்கு மாறினால் அதே 231 புள்ளிகள் 14.5 டன்னில் கிடைத்துவிடும், உங்கள் கையில் 14 டன்னும் 14 ஸ்லாட்டும் இருக்கும். இடப்பக்க மார்பில் எல்ஆர்எம் 20 (தொலைதூர ஏவுகணை ஏவி) ஒன்றையும் 2 டன் ஏவுகணைகளையும் வைத்தால் 12 டன்னும் 7 ஸ்லாட்டும் செலவாகும். மிச்சமுள்ள 2 டன்னில் ஹீட் சிங்க் சேர்க்காதீர்கள். ஓடிக்கொண்டே எல்லாவற்றையும் சுட்டாலும் வெப்பம் 22தான், உங்கள் 12 ஹீட் சிங்க் 24ஐத் தணித்துவிடும். மேலும் 300 எஞ்சினுக்குள் 12 வரை இடச்செலவின்றி அடங்கும், பதின்மூன்றாவதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் 3 ஸ்லாட் ஆகும். மீடியம் லேசர் இரண்டு வைப்பதே மேல்.

தெம்பனிஸ்75:

மிக்க நன்றி அண்ணா. கிளானுக்கும் இன்னர் ஸ்பியருக்கும் இவ்வளவு வேறுபாடு இருக்கும் என்று நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. அப்படியானால் ஃபெர்ரோவை எப்போதுமே தவிர்க்க வேண்டுமா?

சிராங்கூன்_பட்டறை:

அப்படியில்லை. 35 டன் மெக்கில் முழுக் கவசத்துக்கு அது மிச்சப்படுத்துவது அரை டன்தான் என்றாலும், அங்கே ஸ்லாட் சும்மா கிடக்கும், டன்தான் கிடைக்காது. அங்கே அந்த அரை டன்னையும் விடக்கூடாது.

அங்_மோ_கியோ_அக்கா:

கணக்கு சரிதான், ஆனால் தொடராட்டம் என்று தம்பி சொல்வதால் எக்ஸ்எல் எஞ்சினைப் பற்றியும் பேசியாக வேண்டும். இன்னர் ஸ்பியர் எக்ஸ்எல் எஞ்சினின் மூன்று ஸ்லாட் ஒவ்வொரு பக்க மார்பிலும் இருப்பதால், ஒரு பக்கம் சிதைந்தாலே எஞ்சின் போய்விடும், மெக் அதே இடத்தில் விழும். கிளான் எக்ஸ்எல் பக்கத்துக்கு இரண்டே எடுப்பதால் பிழைத்துக்கொள்கிறது. இடப்பக்க மார்பிலேயே ஏவுகணைகளையும் வைத்து, அதை எக்ஸ்எல்லோடு சேர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவை வெடித்தால் அந்தப் பக்கம் மிஞ்சாது, கேஸ் (வெடிப்பு மற்ற பகுதிக்குப் பரவாமல் தடுக்கும் அமைப்பு) பொருத்தினாலும் மெக் நிற்காது. ஓர் இரவோடு முடியும் ஆட்டம் என்றால் துணியலாம். வாரக்கணக்கில் ஒரே மெக்கைப் பழுதுபார்த்து ஓட்டப் போகிறவருக்கு நான் சாதாரண எஞ்சினைத்தான் சொல்வேன்.

அது 19 டன், அதாவது 9.5 டன் கூடுதல். ஆனால் ஆறு ஸ்லாட் திரும்பி வரும். தம்பியின் முதல் வடிவத்தில் ஃபெர்ரோவைக் கழற்றாமல் எஞ்சினை மட்டும் மாற்றினால் 6 டன்னும் 6 ஸ்லாட்டும் கிடைக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று இவ்வளவு பொருந்துவது அரிது. எல்ஆர்எம் இராது என்பதுதான் இழப்பு.

தெம்பனிஸ்75:

அக்கா சொன்னபடியே இன்றிரவு மாற்றிவிட்டேன். மீடியம் லேசர் நான்கு, வலப்பக்க மார்பில் ஒரு கேஸ், காஸ் ரைஃபிளுக்கு மேலும் ஒரு டன் குண்டு என ஆறு ஸ்லாட்டும் நிறைந்தன. காஸ் குண்டு வெடிக்காது, ஆனால் ரைஃபிளே அடிபட்டால் வெடிக்கும் என்பதால்தான் அந்தக் கையை ஒட்டிய மார்பில் கேஸ் வைத்தேன். ஐந்து லேசரையும் பிபிசியையும் ஓடிக்கொண்டே காஸோடு சேர்த்துச் சுட்டால் வெப்பம் 28 ஆகும், நெருங்கிய பின் பிபிசியை நிறுத்திவிடுவேன். அரை டன் மட்டும் மிச்சம், அதில் வைக்க ஸ்லாட் இல்லை.