முதல் கார்ட் பந்தயமும் நானூறு கிராமும்

சென்ற ஆண்டு மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் முதன்முறையாக ஒரு கிளப் கார்ட் பந்தயத்தில் கலந்துகொண்டேன். கார்ட் என்பது கூரையில்லாத, தரையோடு ஒட்டிய சிறு பந்தய வண்டி. வாடகைக் கார்ட்டில் பழகிவிட்டுச் சொந்தக் கார்ட் வாங்கலாமா என்று யோசிக்கும் பலர் இங்கே இருப்பதால், அன்று நடந்ததை, குறிப்பாக எடைமேடையில் நடந்ததை, மறைக்காமல் எழுதுகிறேன்.

நான் இங்கிலாந்தில் நார்தாம்ப்டனில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். பந்தயம் நடந்தது ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் உள்ள ஷெனிங்டனில். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானத்தளத்தின் மேல் அமைந்த களம் என்பதால் மறைப்பதற்கு எதுவுமில்லை. காற்று நேராக முகத்தில் அறைகிறது. என்னுடைய கார்ட்டில் இருப்பது 125 சிசி ராட்டக்ஸ் எஞ்சின். ஏறக்குறைய 30 குதிரைத்திறன், கியர் கிடையாது, சங்கிலி வழியாகப் பின் அச்சைச் சுழற்றும். உட்காரும் இடத்துக்கும் தரைக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளிதான். உதவிக்கு வந்தவன் என் மனைவியின் தம்பி. அவனுக்கும் இது முதல் நாள்.

பந்தய உரிமம் பெறுவதற்குக் கொடிகளையும் விதிகளையும் பற்றிய எழுத்துத் தேர்வு ஒன்றும், களத்தில் ஓட்டிக் காட்டும் தேர்வு ஒன்றும் உண்டு. அவற்றில் தேறினாலும் புதியவர் சிறிது காலம் கறுப்புத் தகட்டில் வெள்ளை எண்ணுடன்தான் ஓட்ட வேண்டும். வரிசையின் கடைசியில்தான் புறப்பட வேண்டும். சிலர் இதைக் குறைவாக எண்ணுகிறார்கள். எனக்கு அது பெரும் நிம்மதியாக இருந்தது. முதல் வளைவில் இருபது கார்ட்டுகள் ஒரே இடத்துக்கு முண்டியடிக்கும்போது பின்னாலிருந்து இடிப்பதற்கு யாருமில்லை என்பது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதை அங்கே உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். ஒரு சுற்று முந்திக்கொண்டு பின்னால் வருகிறவர்களும் கறுப்புத் தகட்டைக் கண்டதும் ஒரு கை இடம் கூடுதலாக விட்டுத்தான் கடந்தார்கள்.

காலை ஏழு மணிக்கே மழை. பெயர் பதிந்து, தொழில்நுட்பப் பரிசோதனைக்குக் கார்ட்டைத் தள்ளிக்கொண்டு போனோம். பரிசோதகர் ஸ்டியரிங்கைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். பிரேக் மிதியை அழுத்தினார். ஹெல்மெட்டின் உள்ளே ஒட்டியிருந்த தரச்சான்றைப் படித்தார். மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது. பிறகு மழை டயர்களை மாட்டி, பந்தய உடைக்கு மேல் பிளாஸ்டிக் மழை உடையையும் அணிந்துகொண்டு பயிற்சி ஓட்டத்துக்குச் சென்றேன்.

நான் படித்திருந்த பாதை அன்று எதற்கும் உதவவில்லை. வறண்ட களத்தில் வேகமான பாதை என்பது டயர்களின் ரப்பர் படிந்து பளபளக்கும் பாதை. மழை பெய்தால் அதே ரப்பர்தான் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். மற்றவர்கள் வளைவின் வெளிப்புறத்தில், ரப்பர் படியாத சொரசொரப்பான தாரைத் தேடிச் சென்றார்கள். உட்புறத்திலேயே சென்ற நான் இரண்டு முறை சுழன்று புல்லில் நின்றேன்.

இன்னொன்றும் அன்றுதான் உடம்புக்குப் புரிந்தது. காரில் இரு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் கார்ட்டில் இல்லை. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் ஒரே வேகத்தில்தான் சுழலும். வளைவில் வெளிச்சக்கரம் அதிகத் தூரம் போக வேண்டியிருப்பதால், உட்சக்கரம் தரையை விட்டுச் சற்றே எழும்பினால்தான் கார்ட் திரும்பும். எழும்பாவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்ள, கார்ட் நேராகவே போகப் பார்க்கும். அந்தச் சக்கரத்தை எழுப்புவது நாம் ஸ்டியரிங்கைத் திருப்பும் திருப்பல்தான். கார் ஓட்டும் பழக்கத்தில் மெதுவாகத் திருப்பிய நான், ஒவ்வொரு வளைவிலும் கார்ட்டோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தேன். தயங்காமல் ஒரே மூச்சில் திருப்பத் தொடங்கியது இரண்டாவது ஹீட்டில்தான் (இறுதி ஓட்டத்துக்கு முன் நடக்கும் சிறு ஓட்டங்களே ஹீட்டுகள்).

ஹீட்டுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பத்தொன்பது பேரில் முதல் ஹீட்டில் பதினெட்டாவதாகவும், அடுத்த இரண்டிலும் பதினேழாவதாகவும் வந்தேன். விலாப் பாதுகாப்புக் கவசம் அணிந்திருந்தும் இடப்பக்க விலா ஒரு வாரம் வலித்தது. கையுறையைக் கழற்றினால் விரல்கள் தாமாக விரிய மறுத்தன.

மதியத்துக்குப் பிறகு மழை நின்று, காற்றில் களம் விரைவாகக் காய்ந்துவிட்டது. வறண்ட களத்துக்கான, வரிப்பள்ளமில்லாத ஸ்லிக் டயர்களை மாட்டினோம்; மழை டயருக்கு வைத்திருந்த காற்றழுத்தத்தை விடக் குறைத்து வைத்தோம். மழை உடையை மடித்துக் காரில் போட்டேன். இறுதி ஓட்டம் அந்த நாளின் மிகச் சிறந்த ஓட்டமாக அமைந்தது. புறப்பாட்டிலேயே இருவரையும், நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் பிரேக்கைச் சற்றுத் தாமதித்து இன்னொருவரையும் முந்தினேன். இருவர் மோதிக்கொண்டு வெளியேறியதால் பதினான்காவதாகக் கோட்டைக் கடந்தேன். மைத்துனன் வேலிக்கு வெளியே இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றான்.

பந்தயம் முடிந்ததும் எல்லோரும் எடைமேடைக்குத்தான் போக வேண்டும். எங்கள் வகுப்பில் ஓட்டுநரும் கார்ட்டும் சேர்ந்து குறைந்தபட்சம் 162 கிலோ இருக்க வேண்டும். காலையில் பயிற்சி முடிந்தபோது 163.1 இருந்ததால், அதைப் பற்றி அதன்பின் நான் நினைக்கவே இல்லை. கார்ட்டை மேடையில் ஏற்றி, ஹெல்மெட்டோடு உள்ளே உட்கார்ந்தேன். சிவப்பு எண்கள் சற்று நேரம் தடுமாறி 161.6 இல் நின்றன. மேடைக்குப் பொறுப்பாக இருந்த முதிய பெண்மணி எதுவும் சொல்லவில்லை. என்னை இறங்கச் சொல்லி, கார்ட்டை அகற்றி, எண் பூச்சியத்துக்கு வந்ததைக் காட்டி, மீண்டும் ஏறச் சொன்னார். மறுபடியும் 161.6. தாளில் எழுதி என் கையொப்பத்தை வாங்கிக்கொண்டார். என் பதினான்காம் இடம் நீக்கப்பட்டது.

காலையில் இருந்த எடையில் ஒரு கிலோ, நீர் சொட்டிக்கொண்டிருந்த மழை உடையின் எடை. மீதி அரைக் கிலோ, ஹீட்டை விட நீண்ட இறுதி ஓட்டத்தில் எரிந்துபோன பெட்ரோல். “அத்தான், டேங்கை நிரப்பவான்னு நான் கேட்டேனே” என்று மைத்துனன் மெல்லச் சொன்னான். கேட்டான்தான், பாரம் கூடினால் வேகம் குறையும் என்று வேண்டாமென்றவன் நான்.

அடுத்த கூடாரத்தில் இருந்தவர் பதினைந்து ஆண்டுகளாக ஓட்டுகிறவர். விஷயத்தைக் கேட்டதும் தன் பெட்டியிலிருந்து இரண்டு கிலோ ஈயக்கட்டி ஒன்றை எடுத்து வந்து, இருக்கையின் பின்பக்கம் தாழ்வான இடத்தில் துளையிட்டு, அகன்ற வாஷர் போட்டு, இரண்டு போல்ட்டால் அவரே முடுக்கிக் கொடுத்தார். பணம் கொடுத்தபோது வாங்கவில்லை. இப்போதெல்லாம் டேங்கைக் காலி செய்துவிட்டு, வறண்ட உடையில் எடை பார்த்து, அதில் 162-க்கு மேல் ஒரு கிலோவாவது இருக்கும்படி வைத்துக்கொண்டுதான் களத்துக்குப் போகிறேன். புதிதாக வருகிறவர்கள் டயர் வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

* * *

மேலே எழுதிய சகோதரருக்கு நன்றி. எங்கள் வீட்டிலும் எடைதான் முதல் பாடமாக இருந்தது, ஆனால் வேறு விதத்தில். ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 2023-இல் திறக்கப்பட்ட கார்ட்டிங் களத்தில் என் மகள் ஒன்பது வயதில் முதல் பந்தயம் ஓட்டினாள். சிறுவர் வகுப்பிலும் குறைந்தபட்ச எடை உண்டு. குழந்தை மெலிந்தவள் என்பதால் பல கிலோ ஈயம் சேர்க்க வேண்டியிருந்தது. துளையிடச் சுலபம் என்று எல்லாவற்றையும் இருக்கையின் முதுகுப்பக்கம் உயரத்தில் முடுக்கிவிட்டேன்.

எடைமேடையில் கணக்கு சரியாக இருந்தது. ஓட்டத்தில்தான் கார்ட் திரும்பவில்லை. “அப்பா, ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் அது நேராவே போகுது” என்று கண் கலங்கச் சொன்னாள். நான் அவளுக்குத்தான் பயம் என்று நினைத்து, தைரியம் சொல்லி அனுப்பினேன். அதை நினைத்தால் இன்றும் மனம் வருந்துகிறது. அவளுடைய பயிற்சியாளர் வந்து இருக்கையின் பின்னால் ஒரு முறை பார்த்தார். பாதி ஈயத்தைக் கழற்றி இருக்கையின் முன்பக்கம், தொடைக்குக் கீழே மாற்றச் சொன்னார். முன்சக்கரங்களின் மேல் பாரம் வந்ததும் கார்ட் திரும்பத் தொடங்கியது.

அவ்வளவு பாரமும் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தபோது ஒரு போல்ட் கழன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் அன்று இரவு தூங்கவிடவில்லை. இப்போது ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் ஈயத்தின் போல்ட்டுகளை நானே ஸ்பேனர் வைத்துப் பார்க்கிறேன். அதன்பின் அவளும் தன் சின்னக் கையை இருக்கைக்குக் கீழே விட்டு ஒரு முறை அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறாள்.