திருவொற்றியூர் கற்கரையில் பிள்ளைகளோடு ஒரு காலை: வழி சொல்லுங்கள்

குழுவிலுள்ள அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, திருவொற்றியூர் முதல் எண்ணூர் வரையுள்ள கற்கரையைச் சுற்றிப் பார்க்க விரும்புகிறேன். சென்னைத் துறைமுகச் சுவர் வடக்கே நகரும் மணலைத் தடுத்ததால் எங்கள் பக்கம் அரிக்கப்பட்டு, பிறகு பாறாங்கற்களும், கடலுக்குள் நீளும் கற்சுவர்களான தூண்டில் வளைவுகளும் போடப்பட்டன என்பதைப் பிள்ளைகளுக்கு நேரில் காட்ட வேண்டும்.

சென்ற முறை இளையவள் ஒரு கல்லில் கையூன்றியபோது, அதில் அப்பியிருந்த கொட்டலசு என்னும் ஓடுள்ள சிற்றுயிரின் கூர்விளிம்பு உள்ளங்கையைக் கீறிவிட்டது. ஆனாலும் இடுக்கிலிருந்து ஒரு நண்டு எட்டிப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டாள். அந்த ஆர்வத்தை அணையவிட எனக்கு மனமில்லை.

நம் கடலில் நீர்மட்டம் ஏறி இறங்குவது ஏறத்தாழ 1 மீட்டர்தான் என்றாலும், பாசி படிந்த கற்களில் அலை எதிர்பாராமல் ஏறிவிடுகிறது. வற்றும் நேரம் நாள்தோறும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போவதால், ஞாயிறன்று காலையில் எப்போது இறங்கலாம் என்பதைக் கடலுக்குச் செல்லும் அண்ணன்மார்கள் கூறினால் பேருதவியாக இருக்கும். கற்கள் ஆடாமல் படிந்திருக்கும் தூண்டில் வளைவு எது, முழங்கால் வலியுள்ள அம்மா நிழலில் உட்கார அருகில் இடமுண்டா என்பதையும் தெரிவியுங்கள்.