புதுப்பிப்பு: பெர்லின் வீட்டுத் தரை இப்போது சில்லிடுவதில்லை

நவம்பரில் கேட்டிருந்தேன்: பெர்லினில் பழைய வாடகை வீடு, கூரை மூன்றரை மீட்டர் உயரம், ரேடியேட்டரில் (வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் கருவி) சூட்டைக் கட்டுப்படுத்தும் வால்வை 4-இல் வைத்தும் கால் விறைக்கிறது, என்ன செய்யலாம் என்று. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

முதலில் அளந்து பார்த்தேன். தரையில் 17 டிகிரி, அலமாரி உச்சியில் 23. காசு கொடுத்து வாங்கிய சூடெல்லாம் மேலே போய் உட்கார்ந்திருந்தது.

பெரிய குற்றவாளி திரைச்சீலைதான். தரைவரை தொங்கி ரேடியேட்டரை மூடியிருந்தது. திரைக்குப் பின்னால் தேங்கும் சூட்டை அறையின் சூடு என்று எடுத்துக்கொண்டு வால்வு தானே மூடிக்கொண்டிருக்கிறது! ஜன்னல் விளிம்பு அளவுக்கு மடித்துத் தைத்துவிட்டேன். சோபாவையும் இரண்டு முழம் தள்ளிப் போட்டேன்.

அப்புறம் ரேடியேட்டரின் மேல்பாதி மட்டும் குளிர்ந்தே கிடந்தது. சின்னச் சாவியால் ஓரத் திருகைத் திறந்தேன். உஸ்ஸென்று காற்று வெளியேறி, கறுத்த தண்ணீர் கிண்ணத்தில் சொட்டியதும் மூடினேன். கால் மணி நேரத்தில் முழுக்கக் கொதித்தது.

மேலே தேங்கிய சூட்டைக் கீழே இறக்கக் கூரை விசிறி மாட்டலாம் என்றால், துளையிட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. அதனால் மேசை விசிறியை மூலையில் வைத்து, முகத்தை மேலே திருப்பி, மிகக் குறைந்த வேகத்தில் ஓட விடுகிறேன். இப்போது கீழே 19.5, மேலே 21. வால்வு 3-இல்தான் இருக்கிறது.

வடக்குப் பக்கப் படுக்கையறைதான் இன்னும் பாக்கி. வெளிச்சுவர் மூலையில் ஈரம் தெரிகிறது. கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்தி, காலையும் மாலையும் ஐந்து நிமிடம் ஜன்னலை முழுக்கத் திறந்து மூடுகிறேன். பூஞ்சை வராமல் இருக்க வேறு யோசனை இருந்தால் சொல்லுங்கள்.