எலாகின்டுக்கு முன்பே லைட்டிஎம் தொடங்கிவிடுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. கோத்தகிரி பக்கம் எங்கள் ஊர் வாசகசாலையில் ஒரு பழைய கணினி இருக்கிறது. ஜென்டூ லினக்ஸ், சேவைகளைத் தொடங்கிவைக்க ஓப்பன்ஆர்சி (OpenRC), திரைச் சூழலுக்கு எக்ஸ்எஃப்சிஇ (Xfce). உள்நுழைவுத் திரையைக் காட்டும் காட்சி மேலாளர் லைட்டிஎம் (LightDM), உள்நுழைந்தவரின் அமர்வைக் கவனிப்பது எலாகின்ட் (elogind). மழைக்காலத்தில் மரம் சாய்ந்தால் கரண்ட் போய்விடும். திரும்ப வந்து கணினி எழும்போதுதான் சிக்கல்.

தானியங்கி உள்நுழைவு வைத்திருக்கிறோம். திரை வந்துவிடுகிறது, ஆனால் ஷட்டவுன் பொத்தான் மங்கிக் கிடக்கிறது, ஒலியும் இல்லை. லாகின்சிடிஎல் கட்டளை கொடுத்தால் அமர்வு எதுவும் பட்டியலில் இல்லை. ரன் அடைவுக்குள் பயனருக்கான அடைவும் உருவாகவில்லை. வெளியேறி மறுபடி உள்ளே வந்தால் எல்லாம் சரி. அதனால் உள்நுழைவைச் சரிபார்க்கும் பாம் (PAM) அமைப்பில் கோளாறு இருக்காது, தொடங்கும் வரிசையில்தான் ஏதோ இடிக்கிறது என்று நினைக்கிறேன்.

இப்போது டிபஸ் (D-Bus, நிரல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள உதவும் சேவை), எலாகின்ட், காட்சி மேலாளர் மூன்றும் டீஃபால்ட் ரன்லெவலில் (ஒரே கட்டத்தில் தொடங்கும் சேவைகளின் தொகுப்பு) இருக்கின்றன. ஆர்சி-அப்டேட் கட்டளை மூலம் எலாகின்டை அதற்கு முன்பே ஓடும் பூட் ரன்லெவலுக்கு மாற்றினால் போதுமா? இல்லை, எலாகின்ட் தொடங்கிய பிறகே தொடங்கும்படி காட்சி மேலாளருக்கு 'நீட்' (need) சார்பும் எழுத வேண்டுமா? ஓப்பன்ஆர்சியில் இணைத் தொடக்கமும் (பல சேவைகளை ஒரே நேரத்தில் தொடங்குவது) இயக்கத்தில் இருக்கிறது. அதை நிறுத்திப் பார்க்கலாமா?

தானியங்கி உள்நுழைவை மட்டும் எடுக்கச் சொல்லாதீர்கள். நாளிதழ் படிக்க வரும் பெரியவர்களுக்குக் கடவுச்சொல் தட்டுவது பெரும்பாடு. தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்.